பிரித்தவரே முதலில் எடுக்கலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் வாலிநோக்கம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவர் சம்பாதித்து வாங்கிய வல்லம் (மீன்பிடி நாட்டுப்படகு), இஞ்சின், வலைகள் எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் என்று விலை போட்டேன். கரையோரப் பனந்தோப்பும் நான்கு லட்சம். மூத்தவன் என்ற முறையில் வல்லத்தை நான் வைத்துக்கொண்டு தோப்பைத் தம்பிக்குக் கொடுத்தேன். வீட்டில் அம்மா இருக்கிறார். வங்கியில் இருக்கும் ஒரு லட்சத்தைத் தங்கைக்குக் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம், அவளுக்கு ஏற்கெனவே சீர் செய்தாகிவிட்டது. கணக்குப்படி சமமாகப் பிரித்தும் தம்பி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கரையில் வீட்டுக் கறிக்கு எடுக்கும் கறிமீனைக் கூறு போட்டால்கூட யாரும் வாய் திறப்பதில்லை, இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பொறாமை? பொறாமை வராதபடி பங்கு பிரிக்கக் கணிதத்தில் ஒரு பாடமே இருக்கிறது என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அது நடக்கிற காரியமா?

பதில்: தம்பியின் மனசை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வல்லத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தோப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளச் சம்மதமா? நான்கு லட்சத்துக்கு நான்கு லட்சம், நீங்கள் போட்ட விலைதான். சம்மதம் என்றால் நாளைக்கே மாற்றிக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்தது. மனசு வரவில்லை என்றால், அந்த இரண்டு பங்கும் சமம் இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

உங்கள் மகள் சொன்ன பாடம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 1967-ல் டங்கன் ஃபோலி என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை ஒரு விதியாகவே எழுதினார். ஒவ்வொருவரும் மற்றவர்களின் பங்கைத் தன் கண்ணால் பார்த்து, "எனக்கு என்னுடையதே போதும், மாற்றிக்கொள்ள வேண்டாம்" என்று சொல்ல முடிந்தால் அந்தப் பங்கீட்டில் பொறாமைக்கு இடமில்லை. இங்கே சந்தை விலை முக்கியமில்லை, மூத்தவர் போட்ட விலை அதைவிட முக்கியமில்லை. பங்கை வாங்குகிறவருக்கு அது என்ன மதிப்பு என்பதுதான் கணக்கு.

தம்பியின் இடத்தில் நின்று பாருங்கள். அவரும் அப்பாவோடு கடலுக்குப் போய் வளர்ந்தவராகத்தான் இருப்பார். பனை ஏறத் தெரியாதவருக்குத் தோப்பினால் என்ன கிடைக்கும்? பதநீர் இறங்கும் சில மாதங்களுக்குக் குத்தகைக்கு விட்டால் வருவதுதான். மற்ற நாளெல்லாம் அவர் யாருடைய வல்லத்திலாவது பிடிப்பில் பங்கு வாங்கும் ஆளாகப் போக வேண்டும், ஒருவேளை உங்கள் வல்லத்திலேயே. அப்பாவின் வல்லத்தில் அண்ணனிடம் கூலிக்கு நிற்கப்போகிற ஒருவர் முகம் வாடினால், அதைப் பொறாமை என்று சொல்வது அநியாயம்.

கறிமீன் கூறு பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை என்று யோசித்தீர்களா? எந்தக் கூறு தனக்கு வரும் என்பது கூறு போடுகிறவருக்கே தெரியாது. ஒருவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார்கள், அவர் சொல்கிற பெயருக்குத்தான் அந்தக் கூறு. அதனால்தான் கூறு போடுகிறவர் கை அத்தனை கவனமாக வேலை செய்கிறது. இந்தக் கூறிலிருந்து ஒரு நண்டை எடுத்து அந்தக் கூறில் போடுவார், கணவாய் சின்னதாகப் போனால் இரண்டு சூடையைச் சேர்த்து வைப்பார், மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் பார்ப்பார். அதற்குப் பிறகும் நண்டு பிடிக்காதவருக்கு நண்டு வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொள்வார். பிரிப்பவருக்குத் தன் பங்கு தெரியாது, பிரித்த பிறகு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அந்த இரண்டையும் உங்கள் வீட்டில் நீங்கள் விட்டுவிட்டீர்கள். விலை போட்டதும் நீங்கள், பிரித்ததும் நீங்கள், முதலில் எடுத்ததும் நீங்கள்.

இருவர் என்றால் வழி மிகப் பழையது: ஒருவர் பிரிக்க, மற்றவர் எடுக்க வேண்டும். நாடுகளும் இதைத்தான் நம்புகின்றன. 1982-ல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை உருவானபோது, ஆழ்கடலில் கனிமம் எடுக்க வரும் நாடு ஒரே மதிப்புள்ள இரண்டு பகுதிகளை வரைந்து காட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அதில் ஒன்றை வளரும் நாடுகளின் நன்மைக்காக ஒதுக்கிவைக்கும் உரிமை சர்வதேசக் கடலடி ஆணையத்துக்கு, மற்றதுதான் வந்த நாட்டுக்கு. 1987-ல் இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதியில் நம் நாடு முன்னோடி முதலீட்டாளராகப் பதிவு பெற்றதும் இதே ஏற்பாட்டில்தான். வரைகிறவர் கையில் தேர்வு இல்லை என்றால் கோடு நேராக விழும்.

ஆனால் நீங்கள் இருவர் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது தங்கையைப் பற்றிய அந்த ஒரு வரி. அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போனால், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சம பங்கு. உங்கள் வீட்டில் அது நான்கு பங்கு. பூர்விகச் சொத்திலும் 2005-ம் ஆண்டுத் திருத்தம் மகளை மகனுக்குச் சமமாக வைத்துவிட்டது. நம் கடற்கரையில் மூன்று மதத்தாரும் இருக்கிறார்கள், அவரவர் சட்டத்தில் அளவு மாறும். கிறிஸ்தவர்களுக்கான 1925-ம் ஆண்டுச் சட்டத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று போக மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, முஸ்லிம் சட்டத்தில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. மகளுக்குப் பங்கே கிடையாது என்று எதிலும் இல்லை. சீர் என்பது அப்பா மகளுக்கு விரும்பிச் செய்தது, அதை இப்போது அண்ணன் கணக்கில் கழிக்க முடியாது. அவர் தானாக வேண்டாம் என்றால் அது அவர் பெருந்தன்மை. பங்கு எவ்வளவு என்று சொல்லாமலே வாங்கும் கையெழுத்து அதில் சேராது.

மூன்று பேர் வந்துவிட்டால் இருவருக்கான வழி போதாது. 1948-ல் ஹூகோ ஸ்டெய்ன்ஹவுஸ் என்ற போலந்துக் கணித மேதை, எத்தனை பேர் இருந்தாலும் ஆளுக்கு நியாயமான ஒரு பங்கு கிடைக்கும் வழியை வெளியிட்டார். அவருடைய நண்பர்களான பனாஹும் க்னாஸ்டரும் கண்டுபிடித்தது அது. அதில் ஒரு குறை உண்டு. என் கண்ணுக்கு எனக்கு மூன்றில் ஒன்று வந்திருக்கும், ஆனாலும் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதி போய்விட்டதாகத் தெரியலாம். அந்தக் குறையை மூன்று பேருக்கு நீக்கியவர்கள் 1960-ஐ ஒட்டி ஜான் செல்ஃப்ரிட்ஜும், பிறகு தனியாக ஜான் கான்வேயும் என்ற கணித அறிஞர்கள். அந்த வழி உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தும்.

முதலில் அம்மாவின் பங்கை எடுத்து வையுங்கள். வீட்டை அவர் கேட்டால் வீடு, விலையில் கூடக்குறைய இருந்தால் பணத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம். மீதியை நீங்களே மூன்றாகப் பிரியுங்கள், எது வந்தாலும் எனக்குச் சரி என்று நீங்கள் மனசாரச் சொல்லும்படி. உதாரணத்துக்கு வல்லமும் இஞ்சினும் ஒன்று, தோப்பில் முக்கால் பாகம் ஒன்று, மீதித் தோப்பும் வலைகளும் வங்கிப் பணமும் சேர்ந்து ஒன்று.

அடுத்து தங்கை பார்க்கட்டும். வல்லப் பங்குதான் ஒசத்தி என்று அவருக்குப் பட்டால், அதை எடுப்பவர் எவ்வளவு பணம் வெளியே வைத்தால் அது தன் இரண்டாவது விருப்பத்துக்குச் சமமாகும் என்று அவர் சொல்லட்டும். ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தம்பி முதலில் எடுக்கிறார். அடுத்து தங்கை. அவர் குறைத்த பங்கு இன்னும் அங்கேயே இருந்தால் அதைத்தான் அவர் எடுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது உங்களுக்கு. அந்த ஐம்பதாயிரம் மூவருக்கும் சமம்.

தம்பி முதலில் எடுத்ததால் அவருக்குக் குறை இல்லை. தங்கைக்கு இரண்டு பங்குகள் ஒரே மதிப்பில் இருந்தன, அதில் ஒன்றாவது அவருக்கு நிச்சயம் கிடைத்திருக்கும். உங்களுக்கு வருவது யாரும் குறைக்காத பங்கு. குறைத்த பங்கு யாரிடம் போனாலும், உங்கள் கணக்கில் அவர் உங்களைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் வாங்கியிருக்க மாட்டார். மூன்றைத் தாண்டினால் விஷயம் மிகவும் சிக்கலாகிவிடும். எத்தனை பேருக்கும் பொருந்தும் வழியை பிராம்ஸும் டெய்லரும் தந்தது 1995-ல்தான்.

இந்த வழியில் போனால் வல்லம் உங்கள் கைக்கு வராமல் போகலாம். அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. அப்படி வந்தால், எடுத்தவரிடம் பேசி அவர் சொல்லும் விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போட்ட விலைக்கு அவர் சம்மதிக்கிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஒரே வல்லத்தை அண்ணனும் தம்பியும் நாள் முறை வைத்து ஓட்டலாமே என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வடகடலில், அதாவது பாக் நீரிணையில், வாரம் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று முறை இருக்கிறது. நாட்டுப்படகுக்காரருக்கு ஒரு நாள் அதிகம், ஆனாலும் அவர்களுடைய குறை தீரவில்லை. முதல் நாள் விசைப்படகு மடி (இழுவலை) இழுத்துப் போன கடலில் மறுநாள் என்ன மிஞ்சும் என்பதுதான் அவர்கள் கேள்வி. நாளைப் பிரித்தாலும் கடல் ஒன்றுதான். உங்கள் வல்லத்திலும் இஞ்சின் யாருடைய நாளில் பழுதானது, வலை யாருடைய முறையில் கிழிந்தது என்று வருஷம் முழுக்கப் பேச்சு வரும்.

விடுதலைப் பத்திரம் எழுதக் கொடுத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். நால்வரும் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையை வீட்டுக்கு வரச் சொல்லி, அம்மா முன்னிலையில் மூன்று பங்கையும் தாளில் எழுதி வையுங்கள். முதலில் தம்பி எடுக்கட்டும்.