கடைசி 40 வினாடிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' எல்பி இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. உறையில் பூசணம் பிடித்திருந்தாலும் தட்டில் பெரிய கீறல் இல்லை. இதே பாடல்களைக் கைப்பேசியில் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். தட்டில் கேட்டபோது பாட்டுக்கு மூச்சு வந்தது போல இருந்தது. ஆனால் கடைசிப் பாட்டில் மட்டும் கரகரப்பு தாங்கவில்லை. புதிதாக 180 கிராமில் வந்திருக்கும் தட்டை வாங்கிவிடலாமா?

அதே வாரம் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடித் திரையரங்கில் மகளோடு ஒரு பெரிய ஹாலிவுட் படம் பார்த்தேன். காது வலித்தது, வசனமோ பாதி புரியவில்லை. பள்ளிக்கூட நாளில் பார்த்த 'ஜாஸ்' சுறாப் படத்தின் பயம் இன்னும் உடம்பில் இருக்கிறது. இந்தப் படம் வீடு வருவதற்குள் மறந்துபோனது. "உங்களுக்கு வயதாகிவிட்டது, அப்பா. பழையது எல்லாமே உங்களுக்கு நல்லதுதான்" என்கிறாள் மகள். அப்படித்தானா?

உங்கள் வாசகன், பட்டர்வொர்த்

*

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஐம்பதைத் தாண்டினால் மேல்ஸ்தாயி ஒலிகள் காதுக்கு மங்கும். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பதும் சிரமமாகும். ஆனால் நீங்கள் எழுதிய குறைகள் காதுக்கு வெளியே இருப்பவை, அளந்து பார்க்கக்கூடியவை. பாட்டோ படமோ, ஓசை ஓரிடத்தில் எழும்ப வேண்டுமானால் அதற்கு முன்னால் அது தாழ்ந்திருக்க இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் கடந்த முப்பது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டார்கள்.

முதலில் தட்டு. கைப்பேசியில் நீங்கள் கேட்டது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் 2009 என்று இருந்தால் அது ரீமாஸ்டர். அதாவது 1967இல் கலந்து முடித்த நாடாவையே மறுபடி சீர்செய்தது. 2017 என்று இருந்தால் அது ரீமிக்ஸ். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் மூல நாடாக்களுக்கே போய், குரலையும் டிரம்ஸையும் புதிதாக இடம்வைத்துக் கலந்தது. அதை உங்கள் தட்டோடு ஒப்பிட்டால் இரண்டு வெவ்வேறு கலவைகளை ஒப்பிடுகிறீர்கள். உங்கள் உறையில் மோனோ (ஒரே தடம்) என்று இருக்கிறதா, ஸ்டீரியோ (இடம், வலம் என இரு தடம்) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 1967இல் குழுவினர் கூடவே இருந்து அக்கறையோடு கலந்தது மோனோதான். ஸ்டீரியோ பிறகு விரைவாகச் செய்து முடிக்கப்பட்டது.

அடுத்து ஒலியளவு. ஒன்று மற்றதைவிட 1 டெசிபல் கூடுதலாக ஒலித்தால், காது அதைச் சத்தமாக எடுத்துக்கொள்ளாது. தெளிவு என்று எடுத்துக்கொண்டு அதையே நல்லது என்று சொல்லிவிடும். அதனால் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, நீங்கள் உட்காரும் நாற்காலியில் காது உயரத்தில் வையுங்கள். ஒரே பாட்டின் ஒரே 30 வினாடியைத் தட்டிலும் போடுங்கள், இணையத்திலும் போடுங்கள். இரண்டின் சராசரியையும் 75 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள், அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு எது பிடிக்கிறதோ அதுவே உங்கள் உண்மையான ருசி. பழைய தட்டுக்காகச் சண்டை போடுகிறவர்களில் பலர் இந்த ஒரு வேலையைச் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சிடியில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் ஒலியைக் குறிக்க எண் கிடையாது. 1990களின் நடுவிலிருந்து, பக்கத்துப் பாட்டைவிடத் தன் பாட்டு தாழ்ந்து ஒலிக்கக்கூடாது என்ற போட்டி முற்றியது. கூரையை உயர்த்த முடியாது, ஆகவே தரையை உயர்த்தினார்கள். உச்சத்தை மட்டுப்படுத்தும் லிமிட்டர் என்ற கருவியைப் போட்டு டிரம் அடியின் உச்சியை நறுக்கிவிட்டு மொத்தத்தையும் மேலே ஏற்றினால் சராசரி ஏறும், அடியின் அறைதல் போய்விடும். 2008இல் வந்த மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' சிடியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அதே பாடல்கள் ஒரு கிட்டார் வீடியோ விளையாட்டுக்காக நறுக்கப்படாமல் போயிருந்தன. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கொதித்துப்போனார்கள். இன்று ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் வழக்கமாக -14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற ஒரே சராசரிக்கு இறக்கிவிடுகிறது. நசுக்கி ஏற்றிய பாட்டுக்கு அங்கே எந்த ஆதாயமும் இல்லை, நசுங்கல் மட்டும் மிஞ்சுகிறது.

இனி உங்கள் கடைசிப் பாட்டு, 'எ டே இன் தி லைஃப்'. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பாட்டின் முடிவில் பல பியானோக்களை ஒரே நேரத்தில் அழுத்தி ஈ மேஜர் ஸ்வரக்கட்டு ஒன்றைப் பதிவு செய்தார்கள். அது அடங்க 40 வினாடிக்கு மேல் ஆகிறது. பியானோ ஒலி அவ்வளவு நேரம் தானாக நிற்காது. ஒலி தேயத் தேய, பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமரிக் ஒலிவாங்கிகளின் அளவைக் கையால் மேலே தள்ளிக்கொண்டே போனார். முடிவில் ஸ்டூடியோவின் மூச்சே கேட்கும் அளவுக்குத் திறந்துவிட்டிருந்தார். அதனால்தான் நல்ல தட்டில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவது கேட்கிறது. அதற்கு முன்னால் 40 பேர் கொண்ட வாத்தியக்குழு அடித்தளத்திலிருந்து உச்சி வரை 24 பார்கள் (தாளக் கட்டங்கள்) ஏறி வருகிறது. அவ்வளவு பெரிய மேடும் அதையடுத்து அவ்வளவு நீண்ட இறக்கமும் அந்த எல்பியில் வேறெங்கும் இல்லை.

அந்த மேடு தட்டின் ஆக மோசமான இடத்தில் இருக்கிறது. எல்பி நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே அலைகள் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து நிற்கும். ஊசி முனை அந்தச் சிறு வளைவுகளைப் பின்பற்ற முடியாமல் உரசும்போதுதான் கரகரப்பு வருகிறது. பழைய சொந்தக்காரர் தேய்ந்த ஊசியால் பலமுறை ஓட்டியிருந்தால், காயம் அங்கேதான் ஆழமாக விழுந்திருக்கும். இந்த ஒரு பாட்டில் டிஜிட்டல் பதிப்பு தட்டை வெல்லும் என்பதைத் தட்டுப் பிரியர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே 180 கிராம் என்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எடை கூடினால் தட்டு தடிக்கும், எளிதில் வளையாது, அவ்வளவுதான். பள்ளத்தின் அளவு அதேதான். எந்த மாஸ்டரிலிருந்து, அதாவது எந்த இறுதி ஒலிப்பதிவிலிருந்து, பள்ளத்தை வெட்டினார்கள் என்பதே கேள்வி. நசுக்கிய டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியிருந்தால் நீங்கள் வாங்குவது தடித்த சிடி. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெட்டிய பொறியாளர் சில நேரம் தன் முதலெழுத்தைக் கையால் கீறியிருப்பார். லெட் செப்பெலினின் 1969ஆம் வருட இரண்டாவது எல்பியில் 'ஆர்எல்' என்று கீறிய பிரதிகள் உண்டு. ராபர்ட் லட்விக் வெட்டியது. பள்ளத்தை அவ்வளவு வீச்சாக வெட்டியதால் மலிவான கருவிகளில் ஊசி எகிறியது. கம்பெனி பயந்துபோய் மெலிதாக வேறு தட்டு வெட்டியது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்த முதல் வெட்டைத்தான். உரத்த ஒலி தன்னளவில் குற்றம் இல்லை, உச்சி நறுக்கப்படாமல் இருந்தால் போதும் என்பதற்கு அந்தத் தட்டே சாட்சி.

பள்ளத்துக்கு வீச்சு வேண்டுமென்றால் தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டு நேரம் நீளக்கூடாது. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' 1982இல் முடிந்தபோது பக்கங்கள் நீண்டுபோய் ஒலி மெலிந்திருந்தது. தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸும் குழுவும் பாடல்களின் நீளத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் மறுபடி கலந்த பிறகே வெளியிட்டார்கள்.

வாங்குவதற்கு முன் கையில் இருக்கும் தட்டைக் கழுவுங்கள். நம் நாட்டு ஈரப்பசையில் பழைய தட்டின் கரகரப்பில் பாதி பூசணம்தான். காய்ச்சி வடித்த நீர் 3 பங்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு பள்ளத்தில் படிந்துவிடும். லேபிளில் நீர் படாமல், மெல்லிய மயிர்த் தூரிகையால் பள்ளம் போகும் வழியிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பள்ளச் சுவரில் ஏறும். பிறகு வெறும் வடித்த நீரால் இருமுறை அலசி, நிமிர்த்தி வைத்து நிழலில் உலரவிடுங்கள். பழைய உள்உறையைத் தூக்கிப் போடுங்கள். அதில் தட்டைத் திரும்ப வைத்தால் பூசணம் இரண்டு மாதத்தில் வந்துவிடும். ஒரே எச்சரிக்கை: 78 சுற்றுத் தட்டு ஏதும் கையில் இருந்தால் ஆல்கஹால் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது அரக்கு, கரைந்துவிடும்.

ஊசியின் அழுத்தத்தையும் சரிபாருங்கள். ஊசியைத் தாங்கும் இன்றைய சாதாரண கார்ட்ரிட்ஜுக்கு 1.5 முதல் 2.5 கிராம் வரை இருக்கும், தயாரிப்பாளர் சொன்ன எண்ணையே வையுங்கள். தட்டைக் காப்பாற்றுவதாக எண்ணிக் குறைத்து வைத்தால் ஊசி பள்ளத்தில் துள்ளி, கொஞ்சம் கூடுதலாக வைத்ததைவிட அதிகமாகக் கீறும்.

இப்போது 'ஜாஸ்'. நீங்கள் அந்தப் பயத்தைச் சொன்னது எனக்குச் சந்தோஷம். 1975ஆம் வருடப் படம். ஒலி ஒரே தடம், மோனோ. அதற்குத்தான் அந்த வருடம் ஒலிப்பதிவுக்கான ஆஸ்கர். கடல்நீரில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதை முக்கால்வாசி நேரம் காட்டவே இல்லை. காட்டாத சுறாவை இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் இரண்டே ஸ்வரங்களில் வரவைத்தார்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கடற்கரையில் இரண்டு சிறுவர்கள் காகித அட்டையில் செய்த சுறாத் துடுப்பைக் கட்டிக்கொண்டு நீந்தி ஊரையே ஓடவைக்கும் காட்சியில் அந்த இசை வராது. திரையில் கூட்டம் அலறுகிறது, படம் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. இசை வந்தால் சுறா உண்டு, வராவிட்டால் இல்லை என்று காது நம்பத் தொடங்குகிறது. பிறகு படகில் போலீஸ் அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே மீனுக்கு இரை வீசுகிறார். இசை இல்லை. அந்த அமைதியில் சுறாவின் தலை அவர் முகத்துக்கு நேராக எழும்புகிறது. ஒரு மணி நேரமாகப் பழக்கிய காதைப் படமே ஏமாற்றுகிறது. அந்த இடத்தில் ஒரு முரசைத் தட்டியிருந்தாலும் நாற்காலியில் ஒருவரும் துள்ளியிருக்க மாட்டார்கள்.

1993இல் 'ஜுராசிக் பார்க்' டிஜிட்டல் ஒலியோடு வந்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. மழையில் டைனோசர் வேலியை அறுத்துக்கொண்டு வரும் காட்சி முழுவதும் பின்னணி இசையே கிடையாது. குவளைத் தண்ணீரில் வட்டம், மழை, காலடி. இன்று நம் தமிழ்ப் பெரும்படங்களில் நாயகன் காரிலிருந்து இறங்குவதற்கே எல்லா ஸ்பீக்கரும் முழு மூச்சில் அடித்துவிடுகின்றன. சண்டைக்கு என்று தனியாக ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. இசையமைப்பாளர்களிடம் திறமை குறைவில்லை. அவர்களுக்கு மௌனம் கொடுக்கப்படுவதில்லை.

வசனம் புரியாமல் போனதற்குத் திரையரங்கையும் கேட்க வேண்டும். படங்களைக் கலக்கும் கூடத்தில் ஓர் ஒப்புக்கொண்ட அளவு உண்டு. சோதனை ஒலி ஒரு திரை ஸ்பீக்கரில் 85 டெசிபல், உச்சம் அதைவிட 20 கூடுதலாக 105. திரையரங்கின் டால்பி கருவியில் அதற்குரிய எண் 7. படம் உரக்க இருக்கிறது என்று யாராவது முறையிட்டால் ஊழியர் அதை 5க்கு இறக்குவார். ஏறத்தாழ 6.7 டெசிபல் குறையும், ஆனால் வசனமும் சேர்ந்தே குறையும். வெடிச்சத்தம் குறைந்த பிறகும் உரக்கத்தான் இருக்கும், மெல்லப் பேசும் குரல் குளிர்சாதன இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

அடுத்தமுறை இப்படிச் சோதியுங்கள். சண்டை இல்லாத அமைதியான காட்சியிலும் 'ச', 'த' போன்ற எழுத்துகள் மழுங்கிக் கேட்டால், திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில் கோளாறு. வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. அமைதியில் தெளிவாக இருந்து இசை சேரும்போது மட்டும் மூழ்கினால், கலவையோ அந்த எண்ணோ காரணம். அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடு இருக்கையில் உட்கார்ந்து இதைக் கேளுங்கள். முறையிடும்போது "சத்தம் அதிகம்" என்று சொல்லாதீர்கள், எல்லாவற்றையும் குறைத்துவிடுவார்கள். "வசனம் கேட்கவில்லை, நடு ஸ்பீக்கரைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். நம் ஊரில் இப்படி யாரும் கேட்காததற்குக் காரணம் திரையின் அடியிலேயே இருக்கிறது. மலாயிலும் சீனத்திலும் வசனம் ஓடுகிறது, கேட்காததை நாம் வாசித்துவிடுகிறோம். மகளிடம் அடுத்த படத்தில் பத்து நிமிடம் அந்த வரிகளைப் பார்க்காமல் கேட்கச் சொல்லுங்கள். வயது எவ்வளவு, அரங்கு எவ்வளவு என்பது அப்போது தெரியும்.

புதுத் தட்டை இப்போது வாங்காதீர்கள். பழையதைக் கழுவி, ஊசியைச் சரிசெய்து, இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டாம் பக்கத்தின் முடிவைப் போடுங்கள். அந்தக் கடைசி 40 வினாடியில் நாற்காலிச் சத்தம் உங்கள் பிரதியில் கேட்கிறதா என்று எழுதுங்கள். பூசணம் மட்டும்தான் காரணம் என்றால் கேட்கும். பள்ளமே தேய்ந்திருந்தால் கேட்காது. அப்போது வேறு பிரதி தேடுவதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்.