ரீடிங் ஒத்துவரவில்லை என்று மகள் அழுதால்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு. முளைகட்டிய ராகியிலிருந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் என்ற என்சைமை (நொதியை) எடுத்து, அது எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கிறது என்று அளப்பதுதான் ப்ராஜெக்ட். மூன்று வாரமாக ரீடிங் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. "இந்தப் படிப்பு எனக்கு ஆகாதும்மா, பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேன்" என்று அழுகிறாள். ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ என்று உங்களுக்கும் பயம் வந்துவிட்டது.

பேங்க் எக்ஸாம் எழுதுவதில் ஒரு தவறும் இல்லை. விருப்பம் இருந்தால் தாராளமாக எழுதட்டும். ஆனால் ரீடிங் ஒத்துவரவில்லை என்பதற்காக அந்த முடிவுக்குப் போக வேண்டாம். இந்தச் சோதனையில் முதல் மாதம் ரீடிங் தடுமாறாத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஏன் தடுமாறுகிறது என்று தேடிப் பிடிக்கிற பழக்கத்துக்குத்தான் இந்தத் துறையில் வேலை கொடுக்கிறார்கள்.

அவள் செய்வது உங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. பச்சை ராகி மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டியாகிறது. முளைகட்டிய ராகி மாவில் காய்ச்சினால் அதே அளவு மாவுக்கு நீர்த்துப்போகிறது அல்லவா? முளைக்கும்போது ராகியில் உருவாகும் அமைலேஸ் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவதால்தான் அப்படி. குழந்தைக்கு முளைகட்டிய ராகி ஊட்டுவதன் நன்மைகளில் அதுவும் ஒன்று. உங்கள் மகள் அந்த வெட்டும் வேகத்தை எண்ணாகச் சொல்லப் பார்க்கிறாள்.

முளைகட்டிய ராகியை அரைத்து வடிகட்டிய சாறோடு மாவுச்சத்துக் கரைசலைச் சேர்த்து, 37 டிகிரியில் 10 நிமிடம் வைக்கிறாள். பிறகு டி.என்.எஸ். என்ற மஞ்சள் திரவத்தை ஊற்றிக் கொதிக்கும் தண்ணீரில் வைக்கிறாள். சர்க்கரை எவ்வளவு உருவானதோ அந்த அளவுக்கு மஞ்சள் ஆரஞ்சாகி, பழுப்புச் சிவப்பாகிறது. அந்த நிறத்தை 540 நானோமீட்டரில் கலரிமீட்டர் அளக்கிறது. கேட்க எளிமைதான். ஆனால் வழுக்கி விழ இதில் நிறைய இடம் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது பிளாங்க், அதாவது ஒப்பிட்டுக் கழிப்பதற்காகத் தனியாக வைக்கும் குழாய். முளைத்த ராகிச் சாற்றில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும். மாவுச்சத்தே சேர்க்காவிட்டாலும் டி.என்.எஸ். நிறம் மாறும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் டி.என்.எஸ்.ஸை முதலில் ஊற்றி என்சைமை நிறுத்திவிட்டு, அப்புறம் மாவுச்சத்தைச் சேர்த்து, அந்த ரீடிங்கைக் கழிக்க வேண்டும். வெறும் தண்ணீரை பிளாங்காக வைத்திருந்தால் மூன்று வாரக் கணக்கும் தப்பாகத்தான் வரும். அடுத்தது முளை. போன வாரம் இரண்டு நாள் முளை, இந்த வாரம் மூன்று நாள் முளை என்றால் அமைலேஸின் அளவே வேறு. மூன்றாவது ஐஸ். சாறெடுத்த குழாயை மேசையில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தால் காலை ரீடிங் மாலையில் வராது.

இன்னொன்று. மாணவர்கள் பலரும் இந்த இடத்தில் குழம்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செயல்திறன் வேறு, நிலைத்தன்மை வேறு. 60 டிகிரியில் 10 நிமிடச் சோதனை செய்து நிறம் அதிகமாக வந்தால், "இந்த என்சைம் 60 டிகிரியில் நிலையானது" என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. பத்து நிமிடம் வேகமாக வேலை செய்த என்சைம் ஒரு மணி நேரத்தில் முழுக்கச் செத்துப்போகலாம். நிலைத்தன்மை தெரிய வேண்டுமானால் மாவுச்சத்து இல்லாமல் என்சைமை மட்டும் 60 டிகிரியில் வைத்து, 0, 10, 20, 30, 60 நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உடனே ஐஸில் வைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரே 37 டிகிரியில் அளந்து, 0 நிமிடத்தை 100 சதவீதம் என்று வைத்து மீதி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முடிந்தால் கால்சியம் குளோரைடு சேர்த்தும் சேர்க்காமலும் செய்யட்டும். ஆல்ஃபா அமைலேஸின் கட்டமைப்பைத் தாங்கிப் பிடிப்பது கால்சியம். அப்போது பாஸ்பேட் பஃபர் (அமில அளவு மாறாமல் காக்கும் கரைசல்) வேண்டாம், அது கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். அசிடேட் பஃபர் போதும்.

இதெல்லாம் வேலைக்கு எப்படி உதவும் என்றுதானே கேட்கிறீர்கள்? பால் பண்ணை ஆய்வகத்தில் பால் சரியாகப் பாஸ்டரைஸ் ஆனதா, அதாவது கிருமி சாகும் அளவுக்குச் சூடானதா என்று பார்க்கும் சோதனையே ஓர் என்சைமின் நிலைத்தன்மையை நம்பித்தான் இருக்கிறது. பச்சைப் பாலில் இருக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம், 72 டிகிரியில் 15 விநாடி காய்ச்சினால் செயலிழந்துவிடும். அது இன்னும் வேலை செய்தால் பால் சரியாகக் காயவில்லை என்று பொருள். பெங்களூரில் 1978ல் பயோகான் நிறுவனம் தொடங்கியபோது அது தயாரித்த முதல் பொருட்களில் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் என்ற என்சைம். பப்பைனுக்கு விலையே அதன் செயல்திறனை வைத்துத்தான். பப்பாளிப் பாலைக் கவனமில்லாமல் வெயிலில் உலர்த்தினால் அந்தத் திறன் இறங்கிவிடும். நெய்த துணியின் கஞ்சியை எடுக்க அமைலேஸ், திருப்பூர்ப் பின்னலாடையின் பிசிறை நீக்க செல்லுலேஸ் என்ற என்சைம். பதனிடும் விலங்குத் தோலில் முடி நீக்க சுண்ணாம்புக்கும் சல்ஃபைடுக்கும் மாற்றாக என்சைம்களைப் பயன்படுத்துவது பற்றி, சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறது. வீட்டில் இரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டைகள் பலவற்றிலும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் இருக்கிறது. பட்டை டப்பாவைத் திறந்துபோடக் கூடாது என்று சொல்வதும் அந்த என்சைமைக் காப்பாற்றத்தான்.

இந்த இடங்களிலெல்லாம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு மாணவியை நேர்முகத்தேர்வில் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ப்ராஜெக்ட்டில் பிளாங்க் என்ன?" என்பது. மதிப்பெண்ணைப் பற்றி அப்புறம்தான் பேசினார்களாம்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.எஸ்சி.யோடு ஆய்வகத்தில் சேர்ந்தால் தொடக்கச் சம்பளம் குறைவு. மருத்துவமனை லேப் வேலை அவளுக்குத் தானாகக் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; அதற்குப் பெரும்பாலும் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) போன்ற தனிப் படிப்பைக் கேட்பார்கள். ஆராய்ச்சிப் பக்கம் போக எம்.எஸ்சி. வேண்டும். அதற்கு ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் நுழைவுத்தேர்வில் பயோடெக்னாலஜி தாள் இருக்கிறது, பயோடெக்னாலஜி முதுகலைப் படிப்புகளுக்கான கேட்-பி (GAT-B) தேர்வு இருக்கிறது, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. நுழைவுத்தேர்வு இருக்கிறது. கேட்-பி வழியாகப் போகும் படிப்புகளில் மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. மூன்றுக்கும் இப்போதே தேதி பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். இரவு அவள் ரெக்கார்டு நோட்டை வாங்கி, "இந்த ரீடிங் ஏன் குறைஞ்சது, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். தப்பாக வந்த ரீடிங்கை அடித்துக் கிழிக்காமல், தேதி போட்டு, காரணத்தைப் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். முளையின் நாள், அறையின் வெப்பம், ஐஸில் வைத்த நேரம், எல்லாம் வேண்டும். ஒவ்வொரு சோதனையையும் மூன்று குழாய்களில் செய்யட்டும். வழிகாட்டி ஆசிரியரிடம் கிராஃபை எடுத்துக்கொண்டு போகட்டும். "வரலை சார்" என்று மட்டும் சொன்னால் அவரால் உதவ முடியாது.

பத்து நாள் இப்படிச் செய்தபின்னும் இந்த வேலையே அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால், அப்போது பேங்க் எக்ஸாம் பற்றி உட்கார்ந்து பேசலாம். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்.