பொத்தோசியின் கோணல் காசுகள்

அன்புள்ள ஐயா,

மாட்ரிட் போயிருந்தபோது ஓர் அருங்காட்சியகத்தில், ஸ்பானியர்கள் தென்னமெரிக்காவில், இன்றைய பொலிவியாவின் வெள்ளிச் சுரங்க ஊரான பொத்தோசியில், கையால் அடித்த வெள்ளிக் காசுகளைப் பார்த்தேன். ஒன்றுகூட வட்டமாக இல்லை. ஓரமெல்லாம் வெட்டு, முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது. வெள்ளி மலையையே கையில் வைத்திருந்தவர்கள் காசை இப்படியா அலட்சியமாக அடிப்பார்கள்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அலட்சியம் என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காசுக்கு வடிவம் முக்கியமில்லை. எடையும், மாற்று எனப்படும் வெள்ளியின் தூய்மையும்தான் முக்கியம். ரியால் என்பது அன்றைய ஸ்பானிய நாணயம்; எட்டு ரியால் காசு ஏறத்தாழ 27 கிராம் இருக்கவேண்டும். வெள்ளியை உருக்கிப் பட்டையாக வார்த்து, அடித்துத் தட்டி, துண்டுகளாக நறுக்குவார்கள். தராசில் கனம் கூடினால் ஓரத்தைக் கத்தரிப்பார்கள். பிறகு இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே சம்மட்டி அடி. நீங்கள் பார்த்த கோணல், எடையைச் சரிசெய்த தடயம்.

காசில் ஓர் எழுத்தும் இருந்திருக்கும். மாற்றுப் பார்த்தவரின் அடையாளம் அது. சங்கப் புலவர்களின் பெயர்களிலேயே வரும் 'வண்ணக்கன்' செய்த வேலைதான். வெள்ளி மட்டமென்றால் பழி அந்த எழுத்துக்காரர் தலையில்.

'நாணயம்' என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள். பொத்தோசியில் 1640-களில் இரண்டும் சேர்ந்தே கெட்டன. காசில் செம்பு மிகுந்துபோய், அந்த ஊர் வெள்ளியை ஐரோப்பிய வணிகர்கள் வாங்கத் தயங்கினார்கள். ஸ்பானிய மன்னர் அனுப்பிய நெஸ்தாரெஸ் மரின் விசாரித்தார். வெள்ளி வணிகர் கோமெஸ் தெ லா ரோச்சாவுக்கு 1650-ல் மரண தண்டனை. மாற்றுப் பார்த்த ரமிரெஸ் தெ அரெல்லானோவும் தப்பவில்லை.

1652-ல் புது முத்திரை வந்தது: இரண்டு தூண்கள், கீழே கடலலை. மாற்றுக்காரரின் எழுத்தையும் ஆண்டையும் ஒரே காசில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பொறித்தார்கள். அடி எப்படி விலகினாலும் ஓரிடத்திலாவது பெயர் தங்கிவிடும். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது. மெக்சிகோவில் 1732-லேயே எந்திரக் காசு வந்துவிட்டது. பொத்தோசியில் சம்மட்டி ஓய்ந்தது 1773-ல்தான்.

ஒன்று மனதை அறுக்கிறது. காசு அடிக்கும் அக்கசாலையில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். மலைக்குள் வெள்ளி வெட்டியவர்களில் பலர், மிதா என்ற கட்டாய முறையில் ஊர் ஊராகப் பிடித்துவரப்பட்ட ஆண்டிஸ் மக்கள். அவர்களுக்குக் காசில் எழுத்து இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது முத்திரையை விட்டுவிட்டு, கத்தரி பட்ட அந்த ஓரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.