கரண்ட் (கதிர்வீச்சு) சிகிச்சையும் குடல் புண்ணும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். தஞ்சாவூரில் கரண்ட் வைக்கிறார்கள்; வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசியும் போடுகிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து நாளொன்றுக்கு ஏழெட்டுத் தடவை வயிறு போகிறது. மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையில் நின்றது, மறுபடி தொடங்கிவிட்டது. "குடல் வெந்திருக்கும், கரண்டை நிறுத்திவிட்டு முதலில் வயிற்றைச் சரிசெய்யுங்கள்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?
- ஒரு வாசகி, திருவிடைமருதூர்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு, பின்னர் உள்ளே கருவி வைத்துத் தருவது ஆகிய இரண்டும் எட்டு வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பதே உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் முறை. இந்தக் காலம் நீள நீள நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும். ஆகவே வயிற்றுப்போக்கை அடக்கி, கரண்டைத் தொடர்வதுதான் நோக்கமாக இருக்க வேண்டும். இடைவெளி விடுவதா என்பதை, உங்கள் அம்மாவின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கதிர்வீச்சு மருத்துவரே முடிவு செய்வார்.

குடல் வெந்துபோவதில்லை. சிறுகுடலின் உட்பரப்பு மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிறது. அதற்கான புதிய செல்கள் அடியிலுள்ள நுண்குழிகளில் பிறந்து மேலேறுகின்றன. இந்தக் குழிகளே குடலின் நாற்றங்கால். கதிர்வீச்சு அங்குள்ள ஸ்டெம் செல்களைத் தாக்குவதால், உதிர்ந்த பரப்பை நிரப்பப் போதிய புதுச் செல்கள் வருவதில்லை. நீரையும் உப்பையும் பித்தநீரையும் உறிஞ்ச ஆளில்லாமல் அவை அப்படியே வெளியேறுகின்றன. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொந்தரவு தொடங்குவதும், கரண்ட் முடிந்த சில வாரங்களில் பெரும்பாலோருக்கு அது தானாக அடங்குவதும் இதனால்தான்.

மருந்துகளில் முதலாவது, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு. முதலில் 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, பின்னர் ஒவ்வொரு முறை நீராகப் போனதும் ஒன்று என்பது வழக்கமான அளவு. மருத்துவரின் மேற்பார்வையில் இருப்பவர்களுக்கும் ஒரு நாளின் உச்சவரம்பு 16 மில்லிகிராம். அதை மீறினால் இதயத் துடிப்பே தடம் மாறக்கூடும். காய்ச்சல், மலத்தில் இரத்தம், வயிறு உப்புதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இதைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிஸ்பிளாட்டின் போடுபவர்களுக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கலாம் என்பதால் காய்ச்சலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை தடவை போகிறது என்பதை அடுத்த ஊசிக்கு முன்பு செவிலியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். என் அனுபவத்தில் நம் பெண்கள் கூச்சப்பட்டு மறைப்பது இதைத்தான்.

லோபரமைடுக்கு அடங்காவிட்டால், மருத்துவமனையில் ஆக்ட்ரியோடைடு என்ற மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவார்கள். கடுமையான போக்கை அது நன்றாகவே கட்டுப்படுத்தும். ஆனால் வருமுன் காக்கவென்று முன்கூட்டிப் போடுவதில் பயனில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை அதில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுவதுமாகக் கரைத்து நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கஞ்சியும் மோரும் நல்லவை. பால் சில வாரங்களுக்கு வேண்டாம், அதைச் செரிக்கும் நொதி இப்போது குடலில் குறைந்திருக்கும். கடுக்காய்ப் பொடி, திரிபலா போன்றவை மலத்தை இளக்குபவை. இந்த நேரத்தில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அல்சருக்குத் தரும் சுக்ரால்ஃபேட் குடல் புண்ணையும் ஆற்றும் என்று நினைத்து வாய்வழியாகக் கொடுப்பவர்கள் உண்டு. ஆய்வுகளில் அது கதிர்வீச்சு வயிற்றுப்போக்கைத் தடுக்கவில்லை. சிலருக்கு மலவாயில் இரத்தக் கசிவு கூடவே செய்தது. குடல் அழற்சிக்குத் தரும் மெசலமைனும் கரண்ட் நடக்கும் காலத்தில் கூடாது, போக்கு அதிகரிக்கும். அதன் உறவு மருந்தான சல்ஃபசலசின், இடுப்புப் பகுதிக்குக் கரண்ட் வைப்பவர்களுக்கு 500 மில்லிகிராம் இருவேளை கொடுத்தால் போக்கைக் குறைக்கலாம் என்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. பெயரும் குடும்பமும் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஆறு மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது. மூலம் என்று களிம்பு கொடுத்தார்கள். பிறகு மெசலமைன் மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை.
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மேலே சொன்ன நோயின் தொடர்ச்சியன்று இது, வேறு வகைச் சேதம். கரண்ட் முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மலக்குடலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உட்புறம் தடித்து அடைபடுகின்றன. இரத்தம் போதாத சுவர் நாரேறி இறுகுகிறது. அதன்மேல் மெல்லிய, விரிந்த புதுக் குழாய்கள் கிளைத்து, மலம் உரசினாலே கசிகின்றன. இங்கே அழற்சியின் பங்கு சிறிது. அழற்சியை அடக்கும் மெசலமைன் உங்கள் அப்பாவுக்குப் பயன்படாததில் வியப்பில்லை.

முதலில் குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்து, மூலமா, கதிர்வீச்சுப் பாதிப்பா, புதிதாகக் கட்டி ஏதுமா என்று பார்க்க வேண்டும். பரிசோதிப்பவரிடம் கரண்ட் வைத்த விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள். புராஸ்டேட்டை ஒட்டிய மலக்குடலின் முன்சுவரிலிருந்து தேவையில்லாமல் சதை எடுத்தால், ஆறாத ஓட்டை விழும் ஆபத்து உண்டு.

கதிர்வீச்சுப் பாதிப்புதான் என்று உறுதியானால், நான் முதலில் நாடும் மருந்து சுக்ரால்ஃபேட் எனிமா. வாய்வழி கொடுத்தால் உதவாத அதே மருந்து, ஆசனவாய் வழியாகச் செலுத்தும்போது புண்ணின் மேல் படிந்து காப்பாக நிற்கிறது. சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிறுவன மருத்துவர்கள் 37 நோயாளிகளிடம் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் சுக்ரால்ஃபேட் எனிமாவை நாளுக்கு இருமுறை பெற்றவர்கள், சல்ஃபசலசின் மாத்திரையும் ஸ்டீராய்டு எனிமாவும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். சிறிய ஆய்வுதான்; ஆனாலும் மலிவான, வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய இம்முறை இன்றும் நிலைத்திருக்கிறது. மலம் கழித்த பின் இடப்பக்கம் சாய்ந்து படுத்துச் செலுத்தி, முடிந்தவரை உள்ளே நிறுத்தி வைக்க வேண்டும். நான்கு வாரமாவது பார்த்துத்தான் பலனை மதிப்பிட முடியும்.

அதற்கும் நிற்காவிட்டால், உள்நோக்கி வழியாக ஆர்கான் வாயு மூலம் கசியும் குழாய்களைச் சுடுவது, நான்கு சதவீத ஃபார்மலினைத் தடவுவது, அழுத்தம் கூட்டிய அறையில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்வது ஆகிய வழிகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது புது இரத்தக் குழாய்கள் வளர உதவுவதால் வேரைத் தொடும் சிகிச்சை எனலாம். ஆனால் முப்பது, நாற்பது அமர்வுகள் தேவைப்படும், அந்த வசதியும் பெருநகரங்களில்தான். இரத்த ஓட்டத்தைக் கூட்டும் பென்டாக்சிஃபிலினும் வைட்டமின் ஈ-யும் சேர்த்துக் கொடுப்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அப்பா இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் அதை நீங்களே நிறுத்தாமல் இதய மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கல்பாக்கத்தில் விபத்து நேர்ந்தால் குடலைக் காக்க முன்கூட்டியே வாங்கி வைக்கக்கூடிய மாத்திரை உண்டா? அயோடின் மாத்திரை போதுமா?
- ஒரு கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்

பதில்: இல்லை. பொட்டாசியம் அயோடைடு, கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும். குடலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அதையும் அரசு அறிவித்தால் மட்டுமே சாப்பிட வேண்டும்.

சிகிச்சையில் இடுப்புக்கு மட்டும் 45 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), நாளுக்கு இரண்டு கிரேக்கும் குறைவாக, ஐந்து வாரத்தில் பிரித்துத் தரப்படுகிறது. இடையே குடல் தேறிக்கொள்கிறது. விபத்தில் உடல் முழுவதும் ஒரே வீச்சில் பத்து கிரே பட்டாலே குடலின் உட்பரப்பு ஒன்றிரண்டு வாரத்துக்குள் அழிந்து, நீரிழப்பாலும் இரத்தத்தில் கிருமி புகுவதாலும் உயிர் போகும். அப்படிப்பட்ட அளவு, விபத்து நடந்த இடத்திலேயே நின்றவர்களுக்குத்தான் நேரும்; நாகையில் இருப்பவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் ஃபில்கிராஸ்டிமுக்கும் அதன் பின் வேறு சில மருந்துகளுக்கும் இத்தகைய பாதிப்புக்காக ஒப்புதல் அளித்தது. அவை எலும்பு மஜ்ஜையைத் தேற்றுபவை, குடலையல்ல. குடலின் உட்பரப்பை வளரச் செய்பவையான, குடல் குட்டையானவர்களுக்கு 2012 முதல் கிடைக்கும் டெடுகுளுடைடு போன்றவை விலங்குகளில் ஆராயப்பட்டிருக்கின்றன. மனிதர்களைக் கொடிய கதிர்வீச்சுக்கு உள்ளாக்கிச் சோதிக்க முடியாது என்பதால் இந்தத் துறை மெதுவாகவே நகரும்.

கேள்வி: கரண்ட் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் சாப்பிட்டவுடன் எனக்கு மஞ்சளாக, நீராக வயிறு போகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.
- ஒரு வாசகி, நன்னிலம்

பதில்: சிறுகுடலின் கடைசிப் பகுதி பித்த அமிலத்தைத் திரும்ப உறிஞ்சத் தவறினால் இப்படி ஆகும். அந்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கொலஸ்டிரமைன் பொடியைக் கொடுத்துப் பார்ப்பார்கள். இதுதான் காரணம் என்றால் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். குறையாவிட்டால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்த்து ரிஃபாக்சிமின் போன்ற ஆன்டிபயாட்டிக் தரலாம். அதே கடைசிப் பகுதிதான் வைட்டமின் பி12-ஐயும் உறிஞ்சுகிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளிப்பட ஆண்டுகள் ஆகும். உங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதால் இரத்தத்தில் அதன் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஊசியாகப் போட்டுக்கொள்ளுங்கள். கொலஸ்டிரமைன் மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், தைராய்டு மாத்திரை உட்பட எதையும் அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிடுங்கள்.