நாய்க்கும் பூனைக்கும் இதய நோய் ஒரே மாதிரிதான் வருமா? வீட்டிலேயே எப்படிக் கவனிப்பது?

ஒரே மாதிரி இல்லை. வயதான சிறிய இன நாய்களுக்குப் பெரும்பாலும் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் கதவு போன்ற அமைப்பு) தடித்து, சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். அப்படிக் கசியும் இரைச்சலைத்தான் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறார். டாபர்மேன் போன்ற பெரிய நாய்களில் இதயத் தசை தளர்ந்து, அறை விரிந்துவிடும்.

பூனைக்குப் பெரும்பாலும் தசை தடித்துப்போய், உள்ளே ரத்தம் நிரம்ப இடம் குறைகிறது. பூனை கமுக்கமான பிராணி. நோயை லேசில் வெளிக்காட்டாது. ஸ்டெதாஸ்கோப்பிலும் ஒன்றும் கேட்காமல் போகலாம். எக்கோ (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நாயோ பூனையோ அயர்ந்து தூங்கும்போது விலாப் பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கனவு கண்டு காலை உதறும் நேரத்தில் எண்ணினால் கணக்கு தப்பும். அடுத்தடுத்து எண்ணியும் 30-க்கு மேலேயே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். என்னைக் கேட்டால், இருமலைவிட நம்பகமான அறிகுறி இதுதான். இருமலுக்கு வேறு காரணங்களும் உண்டு.

பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ, திடீரென்று கத்திக்கொண்டு பின்னங்கால்களை இழுத்து நடந்தாலோ, தொட்டால் அந்தக் கால் சில்லென்று இருந்தாலோ, காலுக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம் அல்லது நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.