கிராம சபைத் தீர்மானம் இருக்கிறதே, கரண்ட் பில் கட்ட வேண்டாமா?

கேள்வி: தெற்கு அந்தமானில் ஒரு கிராமத்தில் நாற்பது வருடமாக இருக்கிறோம். மின்சாரமும் குடிநீரும் இனி பஞ்சாயத்தின் கையில் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். “அரசமைப்புச் சட்டமே தந்த அதிகாரம், பில் பணத்தை இங்கேயே கட்டுங்கள்” என்றார் பஞ்சாயத்துத் தலைவரான பிரதான். கட்டினேன். இப்போது மின்துறையிலிருந்து பாக்கி நோட்டீஸ். தீர்மான நகலை அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் நோட்டீஸைக் கவனியுங்கள், அரசமைப்புச் சட்டம் எங்கும் ஓடிவிடாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி, எழுத்தில் முழுதாக 15 நாள் அவகாசம் தராமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அதற்குள், கேட்ட தொகை அல்லது கடந்த 6 மாதச் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை “ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்” என்று எழுதிக் கட்டிவிடுங்கள். தகராறு தீரும்வரை ஃபியூஸைப் பிடுங்க முடியாது. பஞ்சாயத்தில் கட்டியது மின்துறைக் கணக்கில் சேராது. அதை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.

இனி பிரதான் சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம், பஞ்சாயத்துகளுக்கென 29 இனங்களைப் பதினோராம் அட்டவணையில் வைத்தது. குடிநீர் 11ஆவது, மின்விநியோகத்தோடு சேர்ந்த கிராம மின்மயம் 14ஆவது. ஆனால் அதே சட்டத்தின் 243ஜி பிரிவு என்ன சொல்கிறது? மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி இந்த அதிகாரங்களை “வழங்கலாம்” என்கிறது. எல்லாம் அந்த ‘லாம்’ படுத்தும் பாடு. அட்டவணையில் பெயர் இருப்பதாலேயே அதிகாரம் கைக்கு வந்துவிடாது.

அந்தமானுக்கோ சட்டமன்றமே இல்லை. 240ஆவது பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறைகள் அங்கே சட்டமாகின்றன. உங்கள் பஞ்சாயத்தே 1994ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில்தான் நிற்கிறது. அதிகாரம் இருந்தால் அதிலோ, அதன் கீழ் வந்த அறிவிக்கையிலோ இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலில் வட்ட முத்திரை, பிரதான் கையெழுத்து, இரண்டு பக்கத்துக்குக் கைநாட்டுகள். “இன்ன பிரிவின்படி” என்ற ஒரு வரியைத்தான் காணோம். அந்த வரி இல்லாமல் அது நல்ல கோரிக்கை மனு, அவ்வளவே.

தண்ணீர் விஷயம் அத்தனை கடினமில்லை. தொட்டியையும் குழாயையும் அந்தமான் நிர்வாகம் உத்தரவு போட்டு ஒப்படைக்க முடியும். உங்கள் ஊருக்கு அப்படி உத்தரவு உண்டா, பம்ப் ஆபரேட்டர் சம்பளம் யார் பொறுப்பு என்று ஆர்டிஐ போட்டுக் கேளுங்கள். ஆபரேட்டரில்லாத பம்ப்பைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு விழிக்காதீர்கள்.

மின்சாரம் விநியோகிக்க உரிமம் வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. அரசே விநியோகித்தால் 14ஆவது பிரிவு அதை உரிமதாரராகக் கொள்கிறது. கட்டணத்தை முடிவு செய்வது குருகிராமில் இருக்கும் கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். இதில் பஞ்சாயத்து தானாக பில் வசூலிக்க வழியில்லை. ஆனாலும் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. அரசு பரிந்துரைத்தால், 13ஆவது பிரிவில் பஞ்சாயத்துக்கு உரிம விலக்குத் தர ஆணையத்தால் முடியும். அதைவிட எளிது, மின்துறையே உரிமதாரராக இருக்க, மீட்டர் கணக்கும் வசூலும் மட்டும் ஒப்பந்தப்படி பஞ்சாயத்துக்கு வருவது. நான் பிரதானாக இருந்தால் இதைத்தான் கேட்பேன்.

காரணம் டீசல். தீவுகளில் பெரும்பகுதி மின்சாரம் கப்பலில் வரும் டீசலில் ஓடுகிறது. டீசலில்லாமல் வருவது கொஞ்சம்தான்: வடக்கே கல்பாங் புனல்மின் நிலையம் 5.25 மெகாவாட், தெற்கே நெய்வேலி நிறுவனம் அமைத்த சூரியமின் நிலையங்கள் 20 மெகாவாட். நீங்கள் கட்டும் கட்டணம் உற்பத்திச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. மிச்சத்தை ஒன்றிய அரசின் பட்ஜெட் தாங்குகிறது. விநியோகத்தை மொத்தமாக வாங்கினால் அந்தப் பற்றாக்குறையும் கூடவே வரும். தீர்மானத்தில் டீசல் என்ற சொல்லே இல்லை!

பில்லில் தவறிருந்தால் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம், அதன்பின் மின் குறைதீர்ப்பாளர். பஞ்சாயத்து முறையாக மனுக் கொடுத்தும் பதில் வராவிட்டால், கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜய புரம்) அமர்வில் ரிட் போடலாம். அதைப் போட வேண்டியது பஞ்சாயத்து, நீங்கள் அல்ல.

நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அன்றிலிருந்தே நாள் ஓடுகிறது. பணத்தை இந்த வாரமே கட்டுங்கள்.