கோச்சைத் தூக்கினால் அணி ஜெயிக்குமா? இந்திய கால்பந்து பற்றிக் கேள்வி பதில்

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று இந்தியா தோற்றது. 22 ஆண்டுகளாக அவர்களிடம் நாம் தோற்றதே இல்லை. அன்று இரவு தொடங்கி எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோச் பற்றித்தான். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஸ்டிமாச் போனார், மனோலோ வந்தார், அவரும் போய் இப்போது காலித் ஜமீல். மூன்று பேர் வந்தும் தோல்விதான். அப்படியானால் தப்பு கோச் மேல் இல்லை என்றுதானே அர்த்தம் அண்ணா?

அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாதே தம்பி. கோச் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஆட்டங்கள் உண்டு. எனக்கு இன்னும் ஆறாதது 2024 மார்ச் 26, குவாஹாட்டி. உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று, எதிரணி ஆப்கானிஸ்தான். தங்கள் சம்மேளனத்தோடு சண்டை போட்டுக்கொண்டு அவர்களுடைய முன்னணி வீரர்கள் பலர் வரவே இல்லை. நமக்குச் சொந்த மண், கேப்டன் சேத்ரிக்கு 150-வது ஆட்டம், முதல் பாதியிலேயே பெனால்டியில் அவரே கோல் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். 70-வது நிமிடம் ஒன்று, 88-வது நிமிடம் பெனால்டியில் இன்னொன்று. 1-2.

கையில் இருந்த ஆட்டம் அது. மைதானத்தின் நடுப்பகுதி கைவிட்டுப் போவது டிவியில் பார்த்த எனக்கே தெரிந்தது. கோட்டோரம் நிற்கிற கோச்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தோல்விக்கு ஸ்டிமாச்தான் பொறுப்பு. லீக் அட்டவணை, கேம்ப் நாட்கள் என்று வேறு எதையும் அதற்குக் காரணமாகக் காட்ட முடியாது.

சேலம், வங்கி ஊழியர்: கத்தார் ஆட்டத்தில் நம்மை ஏமாற்றியது நடுவர். அதற்குப் போய் ஸ்டிமாச்சை நீக்கியது அநியாயம் இல்லையா சார்?

அந்த கோலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வரும். 2024 ஜூன் 11, தோஹா. சாங்தே அடித்த கோலில் நாம் 1-0 முன்னிலை. 73-வது நிமிடம், பந்து கோல்கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தரையில் கிடக்கிறார், நம் டிஃபெண்டர்கள் ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். கத்தார் வீரர் வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்துக் கொடுக்க, ஐமன் வலைக்குள் தள்ளினார். வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் VAR வசதி கிடையாது. நடுவர் கோல் என்றார். அப்புறம் இன்னொன்றும் வாங்கி 1-2. அந்த கோலுக்கு எந்த கோச்சையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சார், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பிரிவில் ஆறு ஆட்டம் முடிந்தபோது நமக்கு 5 புள்ளி, இரண்டாம் இடம் பிடித்து அடுத்த கட்டத்துக்குப் போன குவைத்துக்கு 7. குவாஹாட்டியில் அந்த 1-0-ஐக் காப்பாற்றியிருந்தால் நமக்கு 8. தோஹாவில் தோற்றிருந்தாலும் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்போம். நடுவர் கையில் நம் தலையெழுத்து போய்ச் சேர்ந்ததே குவாஹாட்டியால்தான். அதனால் அவரை நீக்கியதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2023-ல் மூன்று கோப்பை வென்ற சந்தோஷத்தில் 2026 வரை ஒப்பந்தத்தை நீட்டியது யார்? ஜூனில் நீக்கிவிட்டு, பிறகு இழப்பீடு கொடுத்துப் பிரச்சினையைத் தீர்த்தது இந்திய கால்பந்து சம்மேளனம்.

கோயம்புத்தூர்: மனோலோ எஃப்சி கோவாவுக்கு சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தார். இந்தியாவுக்கு மட்டும் 8 ஆட்டத்தில் ஒரே வெற்றி. மனசு வைத்து வேலை பார்க்கவில்லையா?

அப்படிச் சொல்வது பாவம். கிளப்பில் அவருக்கு மாதக்கணக்கில் தினமும் பயிற்சி, கோல் அடிக்க வெளிநாட்டு வீரர்கள். தேசிய அணிக்கு வந்தால் சில நாள் கேம்ப், களைத்துப்போன கால்கள். அதோடு ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்கலாம் என்று அனுமதித்ததும் சம்மேளனம்தான். அந்த ஏற்பாடு எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

2025 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் ஹாங்காங் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் லிஸ்டன் அருமையாகப் பந்தைக் கொடுக்கிறார். ஆஷிக் முன்னால் கோல் திறந்து கிடக்கிறது. வெளியே அடித்துவிட்டார். 90 நிமிடம் முடிந்து சேர்த்த நேரத்தில் பெனால்டி கொடுத்து 0-1. வாய்ப்பு உருவாகும்படி ஆடவைப்பது கோச்சின் வேலை, அது நடந்தது. பந்தை வலைக்குள் போடுகிறவரை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

திண்டுக்கல்: சரி, அந்த ஸ்ட்ரைக்கர் ஏன் நம்மிடம் இல்லை?

நம் முதன்மை கிளப் லீக்கான ஐஎஸ்எல்-லில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்கள் ஆடலாம். எந்த கிளப்பும் அதில் ஒரு இடத்தையாவது ஸ்ட்ரைக்கருக்குத்தான் கொடுக்கும், பணம் போடுகிறவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். 2024-25 சீசனில் நார்த்ஈஸ்ட் அணியின் மொராக்கோ வீரர் அஜாரி 23 கோல். இந்தியர்களில் முதலிடம் 14 கோலுடன் சேத்ரி, நாற்பது வயதில்! ஓய்வு அறிவித்தவரைத் திரும்பக் கூப்பிட்டார் மனோலோ. வேறு என்ன செய்வார்? நம் பையன்கள் விங்கிலும் பெஞ்சிலுமாக வளர்கிறார்கள்.

சென்னை: மத்திய ஆசிய நாடுகளின் காஃபா கோப்பைக்கு மோகன் பகான் கிளப் தன் வீரர்களை அனுப்பாதது சரியா?

தேசிய அணி ஆட்டங்களுக்கென்று ஃபிஃபா குறித்த நாட்களில் அந்தப் போட்டி வரவில்லை என்பது கிளப்பின் வாதம். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவர்கள் இல்லாமலே ஜமீல் ஓமனை பெனால்டி ஷூட்அவுட்டில் வென்று மூன்றாம் இடம் வாங்கித் தந்தார்.

தூத்தூர், பள்ளி அணிப் பயிற்சியாளர்: தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றுவிட்டோம். பெற்றோர்கள் என்னை மாற்றச் சொல்கிறார்கள். என்ன சொல்லிச் சமாளிக்க?

சமாளிக்க வேண்டாம் அண்ணாச்சி. நான் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒரு அரையிறுதி. 1-0 முன்னிலையில் இருந்தபோது லெஃப்ட் பேக் பையனை வெளியே எடுத்தேன், நொண்டுகிறான் என்று நினைத்து. அவன் ஷூ லேஸ்தான் அவிழ்ந்திருந்தது. அந்தப் பக்கமாகவே இரண்டு கோல் வாங்கினோம். பையன்கள் அழுதார்கள். மறுநாள் பயிற்சிக்கு முன்னால் அவர்களை உட்காரவைத்து, "நேற்று தோற்றது என்னால்தான்டா" என்றேன். அந்த லெஃப்ட் பேக் அதற்கப்புறம் ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு லேட்டாக வந்ததில்லை.

நான்கு ஆட்டத்தில் எவை உங்கள் முடிவால் போனவை, எவை ஆள் பற்றாமல் போனவை என்று எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். வாரத்தில் எத்தனை நாள் மைதானம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

திருச்சி: கடைசியாக, காலித் ஜமீலை நீக்க வேண்டுமா வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வேண்டாம்.

2025 ஆகஸ்டில் வந்த மனிதர். வரும்போதே ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது, வீரர்களுக்கு லீக் ஆட்டமே இல்லை. அக்டோபரில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்காகச் சிங்கப்பூர் போனபோது, ஜிங்கன் ரெட் கார்டு வாங்கி வெளியேறிய பிறகும், பத்துப் பேரோடு 90-வது நிமிடத்தில் ரஹீம் அலி சமன் செய்தார். மனம் விட்டுப்போன அணி அப்படி ஆடாது.

ஆனால் ஐந்து நாள் கழித்து மார்கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 1-0 முன்னிலையைத் தொலைத்து 1-2 என்று தோற்றோமே, அதற்கு அவர் விளக்கம் தரவேண்டும். ஆசியக் கோப்பை வாய்ப்பு அன்றோடு போனது. இரண்டாவது கோல் விழுந்தது 58-வது நிமிடம். மீதி அரை மணி நேரத்துக்கு அவர் வைத்திருந்த திட்டம் என்ன? அவரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.